வீண்பழியின் சட்டை

சினிமாத் திரைக்குப் பின்னால் ஒரு காலத்தில் ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் பெரிய வீடு த்ரில்லர் வீடுதான். அண்ணன் தம்பிகள் ஐந்து பேர் ஒரே கூரைக்குக் கீழே குடியிருந்தார்கள். மூத்தவன் துப்பறிதல். தொப்பியும் பூதக்கண்ணாடியுமாகத் திரிவான். இப்போதெல்லாம் அவனை யாரும் அவ்வளவாகக் கூப்பிடுவதில்லை. அடுத்தவன் பழிவாங்கல். சிரிக்கவே மாட்டான். சுவரில் மாலை போட்டு மாட்டிய படத்தைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவான். மூன்றாமவன் கோர்ட்டு, பேசியே ஆளை ஒருவழியாக்கிவிடுவான். நான்காமவன் அமானுஷ்யம், பகல் முழுக்கத் தூங்குவான். கடைக்குட்டி சைக்கோ. வீடு ஓடுவதே இப்போது அவன் சம்பாத்தியத்தில்தான் என்பதால், அவன் உள்ளே வந்தால் மற்ற நால்வரும் நீட்டிய காலை மடக்கிக்கொள்வார்கள்.

ஐந்து பேருக்கும் குணம் வேறு, நடை வேறு. வேலைக்காரர்கள் மட்டும் பொது. கிரீச்சென்று திறக்கும் கதவு எல்லோருக்கும் திறந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை எல்லோருக்கும் பெய்தது. பின்னணி இசை என்ற அக்கா எல்லோருக்கும் வயலின் வாசித்தாள்.

அந்தப் பொது வேலைக்காரர்களில் ஒருவன்தான் வீண்பழி.

கொலை நடந்தால் முதலில் பிடிபடுவது அவனுடைய வேலை. சைக்கோ கூப்பிட்டால் அவன் அபார்ட்மென்ட் வாட்ச்மேன். கோர்ட்டு கூப்பிட்டால் கூண்டில் நிற்கும் ஆட்டோ டிரைவர். அமானுஷ்யம் கூப்பிட்டால் சுடுகாட்டில் குழி வெட்டுகிறவன். பழிவாங்கல் கூப்பிட்டால் பங்களாவில் தோட்டக்காரன். துப்பறிதல் பழைய ஆள், அவனுக்குச் சமையல்காரன் போதும். சட்டை மாறும். ஒல்லி உடம்பும் கறுத்த தோலும் சீவாத தலையும் மாறாது. ஒரு டாக்டராகவோ கம்பெனி முதலாளியாகவோ அவனை யாரும் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. அந்த வேலைகளெல்லாம் உண்மையான கொலைகாரனுக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

எந்தப் படமானாலும் நடப்பது ஒன்றுதான். பிணம் கிடைக்கும். கதாநாயகப் போலீஸ் அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்குவார். வீண்பழியை ஒரு சந்துக்குள் விரட்டிப் பிடித்து, கன்னத்தில் ஓங்கி ஒன்று விடுவார். தியேட்டரில் விசில் பறக்கும். பிறகு லாக்கப். சட்டையைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு, ஜட்டியோடு உட்கார வைப்பார்கள். அங்கே அவனுக்கு ஒரு வசனம் உண்டு.

"சார், எனக்கு எதுவும் தெரியாது சார்."

இத்தனை படத்திலும் அவன் பேசியது அந்த ஒரு வசனம்தான். அவன் உள்ளே இருக்கும்போதே வெளியே அடுத்த கொலை விழும். போலீஸ் அதிகாரி போனைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப இவன் இல்லயா?" என்பார். அதையும் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டார், பக்கத்திலிருக்கும் ஏட்டைப் பார்த்துச் சொல்வார். கேமரா அவர் பின்னால் ஓடிவிடும். அதற்கு மேல் படத்தில் வீண்பழி கிடையாது.

அவன் லாக்கப்பில்தான் இருந்தான். இடைவேளை போகும், பாட்டு போகும், கொலைகாரன் மாட்டுவான், சுபம் போடுவார்கள். அவன் ஜட்டியோடு சுவரில் சாய்ந்திருப்பான்.

"அண்ணே, என்னை எப்ப விடுவாங்க?" என்று ஒருநாள் லாக்கப் பூட்டைக் கேட்டான்.

பூட்டு யோசித்தது. "பூட்டுனது எல்லாம் ஞாபகம் இருக்குடா. தொறந்த மாதிரி ஒண்ணும் ஞாபகம் வரலியே."

அது பொய் சொல்லவில்லை. அவனை யாரும் விடுதலை செய்ததே கிடையாது. அடுத்த படத்துக்கு ஆள் தேவைப்படும்போது, ஒரு புதுச் சட்டையை மாட்டி அப்படியே இழுத்துக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். பழைய சட்டை மூலையிலேயே கிடக்கும். அங்கே ஒரு குவியலே சேர்ந்திருந்தது.

அடுத்த படத்துக்காக இழுத்து வந்து குடிசையில் விட்டிருந்த ஒரு நாள், வீண்பழி பின்னணி இசையிடம் போனான். அவள் வயலின் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, போன படத்துல நான் ரெண்டாவது மாடி பாட்டிக்குப் பால் பாக்கெட்தான் எடுத்துட்டுப் போனேன். அதுக்கு ஏன் அப்படி ஒரு இழுப்பு இழுத்தீங்க?"

"உன்னைக் காட்டினா இழுக்கணும்னு சொல்லியிருக்காங்க தம்பி."

"அந்த டாக்டர் அலமாரியில கத்திய ஒளிச்சு வச்சாரு. அப்ப புல்லாங்குழல் வாசிச்சீங்க."

"அவரு நல்லவருன்னு ஜனங்க நம்பணும்ல? இல்லாட்டி கடைசியில திருப்பம் சார் எப்படி வருவாரு?" அவள் சிரித்தாள். "நீ பாலத் தூக்கினா என்ன, பாம்பத் தூக்கினா என்ன தம்பி, எனக்கு ஒரே சுருதிதான்."

அவள் சிரிப்பில் ஒரு துளி விஷம்கூட இல்லை. அதுதான் அவனை எரித்தது. அவனை வெறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

கோபம் வீண்பழிக்குப் பழக்கமில்லாத சாமான். எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தொண்டையில் வைத்தான், பேச்சு வரவில்லை. வயிற்றில் வைத்தான், சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் சைக்கோ பெரிய வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தபோது அது தானாகவே வெளியே வந்தது.

"டேய், கிளம்பு. இந்தத் தடவ ஸ்கூல் வேன் டிரைவர். ஒரு குழந்தையப் பாத்துச் சிரிக்கணும், அவ்ளோதான். மிச்சத்த அக்கா பாத்துக்குவாங்க."

"வரலைங்க."

"என்னது?"

"நான் வரலைங்க."

சைக்கோ அண்ணன்மார்களைத் திரும்பிப் பார்த்தான். பழிவாங்கலே ஒரு நொடி மாலை போட்ட படத்திலிருந்து கண்ணை எடுத்தான். "திமிரப் பாத்தியா?" என்றான் கோர்ட்டு. "நாலு தடவ ஸ்க்ரீன்ல மூஞ்சி தெரிஞ்சிட்டா இப்படித்தான். போகட்டும் விடுடா. இவன் இல்லாட்டி படம் எடுக்க முடியாதா?"

எடுத்துப் பார்த்தார்கள். கதாநாயகனின் நண்பனைச் சந்தேகப்பட வைத்தார்கள். வெள்ளைச் சட்டையும் சிரித்த முகமுமாக இருந்த அவனைப் பார்த்து, "சேச்சே, இவன் செஞ்சிருக்க மாட்டான்பா" என்று தியேட்டரே அவனுக்காக வாதாடியது. வீட்டுக்காரரைச் சந்தேகப்பட வைத்தார்கள். அவர் கழுத்துச் சங்கிலியைப் பார்த்தே ஜனம் அவரை விடுதலை செய்துவிட்டது. யாரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் பழி ஒட்டவில்லை.

கடைசியில் திருப்பம் வந்தார்.

திருப்பம்தான் அந்த ஊரிலேயே பெரிய மனிதர். படம் முடியும் நேரத்தில் காரில் வந்து இறங்குவார். முகமூடியைக் கழற்றுவார். ஊரே 'ஆ' என்று வாயைப் பிளக்கும். அவருக்கு அதற்கு மேல் வேலையில்லை, அதற்குக் கீழும் இல்லை. அன்றைக்கும் அதே மாதிரி முகமூடியைக் கழற்றினார். டாக்டர் முகம் தெரிந்தது.

"இதுக்கா இவ்ளோ நேரம்?" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. "அந்த டாக்டர விட்டா படத்துல வேற ஆளே இல்லியேடா!"

தியேட்டர் சிரித்தது. திருப்பத்தைப் பார்த்து அதுவரை யாரும் சிரித்ததில்லை. அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார். நேராக வீண்பழியின் குடிசைக்கே வந்தார்.

"என்னப்பா இது, நீயும் நானும் ஒரே குடும்பம் மாதிரி."

"உக்காருங்க சார்," என்றான் வீண்பழி. இந்தப் பேச்சை அவன் பூட்டிடம் எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருந்தான். இப்போது பாதிதான் நினைவுக்கு வந்தது.

"என்ன வேணும் உனக்கு? வசனமா? ரெண்டு வசனம் சேத்துப் போடச் சொல்றேன்."

"வசனம் வேணாம் சார். என்னைப் பத்தி எல்லாரும் தப்பா நினைச்சாத்தான் உங்கள யாரும் நினைக்க மாட்டாங்க. அது எனக்குப் புரியுது. அடியும் வாங்கிக்கிறேன். ஆனா கடைசியில அந்த லாக்கப்பத் தொறக்கணும். என் சட்டைய என்கிட்டக் கொடுக்கணும். அந்த போலீஸ்காரரு என் மூஞ்சியப் பாத்து, தப்பு எங்க மேலதான், நீ போன்னு சொல்லணும்."

"இவ்வளவுதானா?"

"ஜட்டியோட உக்காந்திருந்ததப் பாத்தவங்க, நான் சட்டையப் போட்டுட்டு வெளிய வர்றதையும் பாக்கணும் சார். அவ்வளவுதான்."

திருப்பம் அவன் தோளில் கை வைத்தார். "அந்த சீன் படத்துல இருக்கும். நான் சொல்றேன்ல?"

எங்கே இருக்கும் என்று கேட்க வீண்பழியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒரு பெரிய மனிதர் வீடு தேடி வந்து ஒப்புக்கொண்ட பிறகு அதையும் இதையும் கேட்டால் பேராசைக்காரன் என்று நினைத்துவிடுவாரோ என்று விழுங்கிக்கொண்டான்.

அடுத்த படத்தில் அவன் வேன் டிரைவராக வந்தான். குழந்தையைப் பார்த்துச் சிரித்தான். பின்னணி இசை அடித்தொண்டையில் ஒரு இழுப்பு இழுத்தாள். நல்ல உறுதியான அடியாக வாங்கினான். ஒவ்வொரு அடிக்கும், இதெல்லாம் கடைசியில் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டான்.

ஒரு சின்ன ஊர்த் தியேட்டரில் மதியக் காட்சியாகப் படம் ஓடியது. சினிமா ஊர்க்காரர்கள் எல்லோரும் திரைக்குப் பின்னால் நின்று ஜனங்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீண்பழி அடி வாங்கியபோது முன்வரிசை எழுந்து ஆடியது. "போடு அவன! அந்த மூஞ்சியப் பாத்தாலே தெரியுது!" என்று ஒருவர் கத்தினார். கட்டம் போட்ட சட்டை, மடியில் குழந்தை. வீண்பழி அவரை அடையாளம் வைத்துக்கொண்டான். என்னை வெளியே விடும்போது இவர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்தான்.

"அப்ப இவன் இல்லயா?" என்று போலீஸ் அதிகாரி ஏட்டிடம் சொல்லிவிட்டு ஓடினார். வீண்பழி காத்திருந்தான்.

திருப்பம் வந்தார். தியேட்டர் கூரை அதிர்ந்தது. கொலைகாரன் விழுந்தான். கதாநாயகன் மெதுவாக நடந்து வந்தார், பின்னால் கார் வெடித்தது.

"அண்ணே, இப்பவா?" என்றான் வீண்பழி.

"எனக்கு ஒண்ணும் சொல்லலியேடா," என்றது பூட்டு.

திரை இருண்டது. இயக்குநரின் பெயர் வந்தது. விளக்குகள் எரிந்தன. தியேட்டர்காரர் பக்கத்துக் கதவுகளைத் தள்ளித் திறந்தார், மதிய வெயில் உள்ளே பாய்ந்தது. ஜனங்கள் காலால் செருப்பைத் தேடினார்கள்.

அப்போதுதான் பூட்டு திறந்தது.

போலீஸ் அதிகாரி சட்டையை நீட்டினார். அவன் முகத்தைப் பார்த்தே சொன்னார். "தப்பு எங்க மேலதான். நீ போ." லைட்மேன்களின் பெயர்களும் சாப்பாடு போட்டவர்களின் பெயர்களும் வரிசையாக அவன் முகத்தின் மேல் ஏறிப்போய்க்கொண்டிருந்தன. வெயில் பட்டு வெளுத்த திரையில் அவன் இருக்கிறானா என்பதே சரியாகத் தெரியவில்லை. அவன் சட்டையைப் போட்டான். ஒவ்வொரு பித்தானாக, மேல் பித்தான் வரைக்கும் போட்டான். பிறகு தலையை நிமிர்த்தினான்.

எல்லோருடைய முதுகும் தெரிந்தது.

"சார்!" என்று கத்தினான். திருப்பம் ஓரமாக நின்று ஊர் போட்ட மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "படத்துல இருக்கும்னு சொன்னீங்களே!"

"இருக்குல்ல?" என்றார் திருப்பம். "அங்க பாரு, இன்னும் ஓடிட்டிருக்கு." காரில் ஏறிப் போய்விட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே வேலையைத்தான் அவர் செய்திருந்தார்.

வீண்பழி திறந்த கதவு வழியாக வெளியே பார்த்தான். வண்டி ஸ்டாண்டில் கட்டம் போட்ட சட்டைக்காரர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் பைக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"யோவ், என் ஹெல்மெட் எங்கய்யா?"

ஸ்டாண்டில் வண்டி ஒழுங்கு பண்ணுகிறவன் ஓடி வந்தான். ஒல்லியாக, கறுப்பாக, கழுத்தில் விசிலோடு இருந்தான். கூட்டம் அவன் பக்கம் திரும்பியது. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. எல்லாத் தலையும் தானாகவே திரும்பியது.

"சார், எனக்கு எதுவும் தெரியாது சார்," என்றான் அவன்.

வீண்பழி திரையைப் பிடித்துக்கொண்டான்.

"தெரியாதா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே!" கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒரு கையால் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கிக் கன்னத்தில் ஒன்று விட்டார். குழந்தை கை தட்டியது. படத்தில் பார்த்ததைத்தான் அதுவும் செய்தது.

டீக்கடைப் பக்கமிருந்து ஒருவர் ஹெல்மெட்டை ஆட்டிக்கொண்டு வந்தார். "மாப்ள, இந்தா. வெயிலா இருந்துச்சுன்னு நான்தான் மாட்டிட்டுப் போனேன்."

"அப்ப இவன் இல்லயா?" என்று கட்டம் போட்ட சட்டைக்காரர் நண்பரைப் பார்த்துச் சொன்னார். ஹெல்மெட்டை மாட்டினார், குழந்தையை முன்னால் உட்கார வைத்தார். பைக் கிளம்பியது. கூட்டம் கலைந்தது.

ஸ்டாண்டுக்காரன் குனிந்து, புழுதியில் அறுந்து விழுந்த பித்தானைத் தேடிக்கொண்டிருந்தான்.

வீண்பழி பின்னணி இசையின் பக்கம் திரும்பினான்.

"அக்கா, இப்பவுமா வாசிச்சீங்க?"

அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. மடியில் வயலின் பெட்டி மூடியிருந்தது.

"இல்ல தம்பி. படம் முடிஞ்சதுமே நான் எடுத்து வச்சிட்டேன்."