குடோன் யாருடையது?

செங்கோடன் மடத்துக்குள் வருவதற்கு முன்பே அவர் சத்தம் உள்ளே வந்துவிட்டது. செருப்பை மூலைக்கொன்றாக உதறிவிட்டு நேரே அடுப்படிக்குப் போனார்.

ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். வயது அறுபத்து மூன்று. அவருடைய குரு சிவகாமி அம்மைக்கு நாற்பதுதான் இருக்கும். ஆனாலும் பத்து வருடமாக அம்மை சொல்லுக்கு அவரிடம் மறுபேச்சு கிடையாது. வேறு யார் சொன்னாலும் மறுபேச்சைத் தவிர ஒன்றும் கிடையாது.

அம்மை மதிய அன்னதானத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ற மக என் மானத்தை வாங்கிப்போட்டாளுங்கம்மா.”

“தமயந்தியா? என்ன பண்ணினா?”

“பத்திர ஆபீசுக்கு வரமாட்டேன்னுட்டா. பட்டுச்சேலை, மோதிரமெல்லாம் தட்டத்துல வெச்சு மொறையாத்தானுங்க கூப்புட்டேன். பத்திரம் எழுதி ரெடியா இருக்குது. நேத்து நானும் பையனும் சாயங்காலம் வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தோம். எட்டிக்கூடப் பாக்கலைங்க!”

சங்கதி இதுதான். பைபாஸ் ரோட்டில் ஒரு குடோன். பதினைந்து வருடத்துக்கு முன் செங்கோடன் காசு போட்டு மகள் பெயரில் வாங்கினார். அவளுக்குப் பதினெட்டு முடிந்த அடுத்த வாரமே ஆடிட்டர் சொன்ன யோசனை அது. வாடகை அவள் பெயரில் வந்தால் அவருடைய வரி குறையும். வருடாவருடம் அவள் பெயரில் கணக்குத் தாக்கல் ஆனது. வாடகைப் பணம் மட்டும் மண்டிக்குப் போனது.

இப்போது, நடமாட்டம் இருக்கும்போதே சொத்தையெல்லாம் ஒழுங்குபண்ணிவிட வேண்டும் என்று உட்கார்ந்தவர், குடோனை அண்ணனுக்குத் தானமாக எழுதிக் கொடு என்று மகளைக் கேட்கிறார். குடும்பத்துக்குள் என்றால் பத்திரச் செலவு குறைவு, வாங்குகிறவனுக்கு வரியும் இல்லை. அதுவும் அதே ஆடிட்டர் சொன்னதுதான். அந்த மனிதருக்கு யோசனைக்குப் பஞ்சமே கிடையாது.

“வரமாட்டேன்னா சும்மாவா இருப்பா? என்ன சொன்னா?”

“‘இத்தன வருசம் நீங்க காட்டின எடத்துலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். என் பேருல குடோன் இருக்குதுன்னு கட்டிக் குடுத்த எடத்துலயும் சொன்னீங்க. இப்ப மட்டும் என்னோடது இல்லையாப்பா?’ன்னு போன்ல கேக்கறாளுங்க. நகை போட்டேன், கார் வாங்கிக் குடுத்தேன். பெத்தவனைப் பார்த்துக் கேக்கற கேள்வியாங்க இது?”

ஒரு நாளும் எதிர்த்துப் பேசாத பெண் இப்படிக் கேட்டுவிட்டாள். அது அவருக்குக் கோபத்தைவிட அதிகமாக வலித்தது.

“நீங்க சொன்னாக் கேப்பாளுங்க. இப்பவே போன் போட்டுத் தரட்டுங்களா?”

அம்மை அரிவாள்மனையைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தார். ஒரு நோட்டிலிருந்து இரண்டு தாளைக் கிழித்து, பேனாவோடு அவர் முன்னால் வைத்தார்.

“சொல்றேன். அதுக்கு முன்னாடி வரி ஆபீசுக்கு ஒரு கடுதாசி எழுதுங்க. குடோன் மகளோடது இல்லை, அவ பேரை மட்டும்தான் வெச்சிருந்தேன், வாடகை பூரா நான்தான் எடுத்துக்கிட்டேன்னு. கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா உடனே தமயந்திகிட்டப் பேசறேன்.”

செங்கோடன் பேனா மூடியைக் கழற்றினார். கை தாளுக்கு மேலேயே நின்றது.

“இதை எப்புடிங்கம்மா எழுதறது? பழசையெல்லாம் தோண்டுவாங்க, அபராதம் போடுவாங்க. கடைவீதியில தலைகாட்ட முடியாது. குடோன் அவளோடதுதானுங்க. எல்லாக் காயிதத்துலயும் அப்படித்தான் இருக்குது.”

“சரி.” அம்மை இரண்டாவது தாளை அவர் பக்கம் நகர்த்தினார். “அப்ப மகளுக்கு எழுதுங்க. குடோன் உன்னோடது, எனக்கும் உன் அண்ணனுக்கும் அதுல பாத்தியதை இல்லை, இத்தன வருச வாடகையும் உன்னோடதுன்னு.”

“அதெப்படிங்க! மஞ்சத்தூளைத் தின்னு நான் சம்பாதிச்சது. பையனுக்குன்னு நெனைச்சு வாங்கின எடம். அவளோடதுன்னு யாருங்க சொன்னது?”

“நீங்கதான். இப்பத்தான்.”

செங்கோடன் முகம் சிவந்துபோனது. பேனாவைத் தாள்மேல் எறிந்தார்.

“நியாயம் கேட்டு வந்தா என்னையே குத்தவாளி ஆக்கறீங்களே! பெத்த தகப்பன் சொல்லுக்கு மரியாதை இல்லீங்களா?”

“எந்தச் சொல்லுக்குங்க?” அம்மை குரல் உயர்ந்தது. இந்தப் பத்து வருடத்தில் செங்கோடன் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை. “வரி ஆபீசுல சொன்னதுக்கா? சம்பந்தி வீட்டுல சொன்னதுக்கா? இல்லை, இப்பச் சொல்றீங்களே, இதுக்கா?”

பந்திப் பாய் விரித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்கள். செங்கோடனுக்கு அங்கிருந்து எழுந்து போகவும் தோன்றவில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. கடைசியில் கேட்டார்.

“அப்ப அவகிட்ட என்னதான் சொல்லப்போறீங்க?”

அம்மை இரண்டு வெற்றுத்தாளையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“ஒண்ணுல கையெழுத்துப் போட உங்களுக்குப் பயம். இன்னொண்ணுல போட மனசில்லை. அந்தப் புள்ளை மட்டும் எதுக்குப் போடோணும்? நீங்க சொல்லுங்க, அதை நான் போன்ல சொல்றேன்.”