விளக்குக்குப் போட்ட சட்டை

திருச்சி மேன்ஷன் ஒன்றில், ஒரே அறையில் மூன்று மேதாவிகள் இருந்தார்கள். குணசீலன், அருள்தாஸ், ஏகாம்பரம். மூவரும் ஆண் நர்ஸ்கள். ஜெர்மன் பரீட்சையில் தேறினால் ஜெர்மனியில் வேலை. மறுநாள் பரீட்சை.

கடைசி வகுப்பில் ரோசலின் டீச்சர் சொன்னார்: "ஜெர்மன்ல விளக்கு பெண்பால், அதனால முன்னாடி 'டீ' சேர்த்து 'டீ லாம்பெ'. கடிகாரம், கதவு, சுவர் எல்லாமே பெண்பால்தான்."

மூவருக்கும் முகம் வெளிறிவிட்டது. பாவம், மேன்ஷன் வாசலில் பலகையே தொங்குகிறது: பெண்களுக்கு அனுமதி இல்லை, மீறினால் அறை காலி.

"இத்தனை நாளா விளக்குக்கு முன்னாடி துணி மாத்தியிருக்கோமேடா!" என்று குணசீலன் தலையில் கைவைத்தான்.

அறைக்குப் போனதும் விளக்கையும் கடிகாரத்தையும் வராந்தாவில் மரியாதையாக உட்காரவைத்தார்கள். கதவைக் கழற்றியதில் ஏகாம்பரத்துக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"சுவரை என்னடா பண்றது?"

"அது நமக்கு முன்னாடியே இங்க இருக்கு. நாமதான் அத்துமீறி வந்திருக்கோம்," என்றான் அருள்தாஸ்.

இருட்டியது. விளக்கு வெளியே, புத்தகம் உள்ளே. டீச்சருக்குப் போன் போட்டார்கள்.

"டீச்சர், இந்த லாம்பெயை எப்படி மாத்துறது?"

பிள்ளைகள் படிக்கிறார்களே என்று டீச்சர் பூரித்துப்போனார். "லாம்பெ மாறவே மாறாதுப்பா. 'உடன்'னு அர்த்தம் வர்ற 'மிட்' முன்னாடி வந்தா, 'டீ' போய் ஆண்பாலுக்குப் போடுற 'டேர்' வரும். ஆளு அதேதான், ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கும், அவ்வளவுதான்!"

"அவ்வளவுதானா!" மூவரும் துள்ளிக் குதித்தார்கள்.

விளக்குக்கு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, உள்ளே கொண்டுவந்து புத்தகத்துக்குப் பக்கத்தில் எரியவிட்டார்கள். கடிகாரத்துக்குப் பனியன். கதவுக்கு வேட்டி. சுவர் நாலுக்கும் மிச்சமிருந்த துணியெல்லாம் போனது. இவர்கள் இடுப்பில் துண்டுதான் மிஞ்சியது.

மேன்ஷன் மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார். சட்டை போட்ட விளக்கையும் துண்டு கட்டிய மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

"பாத்தியா, ஒரு சந்தேகமும் வரலை!"

காலையில் ஆட்டோ வந்து ஹார்ன் அடித்தது. போட்டுக்கொள்ளத் துணி இல்லை.

"ஒரு சட்டையையாவது கழட்டுவோமா?"

"கழட்டினா மறுபடி பொம்பளையாயிடும். மேனேஜர் கீழயே நிக்கிறாரு."

"அப்ப ஜெர்மனி?" ஏகாம்பரத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

மூவரும் கூடிப் பேசினார்கள். சட்டை போட்டுத் தயாராக இருந்தது விளக்கு ஒன்றுதான். அதன் பையில் குணசீலனின் ஹால் டிக்கெட்டை வைத்து, ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள்.

"அவனுக்கு ஜெர்மன் வருமாடா?" என்று ஏகாம்பரம் கண்ணைத் துடைத்தான்.

"வராம என்ன? நாம மூணு பேரும் தூங்கிட்டோம். விடிய விடிய புத்தகத்தைப் பாத்துக்கிட்டிருந்தது அவன் ஒருத்தன்தானே!"