ராஜாவின் தொப்பையும் குப்பாயியின் நெல்லும்

ரொம்ப ரொம்ப முன்னால், எந்த வருஷம் என்று கேட்காதீர்கள், கொன்றைநாட்டில் பூதலவேந்தன் என்று ஒரு ராஜா இருந்தான். தொப்பை முன்னால் வரும். ராஜா பின்னால் வருவான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். பிறந்தநாளன்று ராஜாவைத் தராசில் உட்காரவைத்து, எடைக்கு எடை நெல்லை ஒரு வீட்டுக்குக் கொடுப்பார்கள். வருஷத்துக்கு ஒரே வீடு. இந்த வருஷம் ஏழு பிள்ளைக்காரி குப்பாயியின் முறை. மழை இல்லை. அவள் அடுப்பில் பூனை தூங்கியது. அந்த நெல் வந்தால்தான் கஞ்சி.

பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருக்கையில் எவனோ ராஜாவுக்கு ஆளுயரக் கண்ணாடி கொடுத்தான். ராஜா பார்த்தான். அழுதான். தொப்பையைக் குறைக்கக் கிள்ளுமாயன் என்ற மந்திரவாதியைக் கூப்பிட்டான்.

"கத்தி உண்டா?"

"இல்லை."

"ரத்தம்?"

"இல்லை. கிள்ளுவேன், வரும். கிள்ளினது எனக்கு. அதுதான் கூலி."

முதல் வாரம் தொப்பையைக் கிள்ளினான். "இன்னும் கொஞ்சம்" என்றான் ராஜா. இரண்டாம் வாரம் தொடையை. "இன்னும் கொஞ்சம்." மூன்றாம் வாரம் தாடையை. "இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல கிள்ளினா கிரீடம்தான் மிஞ்சும்" என்று மாயனே ஓடிவிட்டான்.

பிறந்தநாள் வந்தது. ராஜா துள்ளித் தராசில் ஏறினான். எதிர்த்தட்டில் அரை மூட்டை நெல் விழுந்ததும் ராஜா மேலே போய்விட்டான்.

"போதும்" என்றார் மந்திரி.

குப்பாயி தட்டைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் பிள்ளைகள், ஆளுக்கொரு காலிச் சாக்கோடு.

"மீதி ராஜா எங்க சாமி?"

"என்னது?"

"போன வருஷம் மாரக்காளுக்கு வண்டி நிறைய வந்துச்சு. எனக்கு மட்டும் கால் ராஜாவா?"

"ஏய், வாயை அடக்கு!" என்றார் மந்திரி.

"என் வாயை அடக்கிடுவேன். இந்த ஏழு வாயை யாரு அடக்குறது? நீங்களா?"

ராஜா காலிச் சாக்குகளைப் பார்த்தான். "மாயனைத் தூக்கி வாருங்கள்" என்றான்.

படுக்கையோடு தூக்கித்தான் வந்தார்கள். ஆள் நல்ல தூக்கத்தில் இருந்தான். தொப்பையை மெத்தையாக்கி, தொடைகளைத் திண்டாக்கி, தாடையைத் தலையணையாக்கி வைத்திருந்தான், படுபாவி.

"ராஜசதை, மகாராஜா. என்ன சுகம்!" என்று கண்ணைக் கசக்கினான். மெத்தை, திண்டு, தலையணை எல்லாவற்றையும் தராசில் போடுவதைப் பார்த்ததும் பதறினான். "ஐயோ, அதுமேல உட்காராதீங்க! சொந்தக்காரர் உட்கார்ந்தா ஒட்டிக்கும். அப்புறம் ஆயிரம் தடவை கிள்ளினாலும் வராது!"

ராஜா தன் ஒட்டிய வயிற்றைத் தடவிப் பார்த்தான். இப்படியே இருக்க ஆசைதான். ஆனால் வழக்கப்படி ராஜா மேலே உட்கார்ந்தால்தான் எடை செல்லும். குப்பாயியின் கடைக்குட்டி சாக்கைத் தலைகீழாக உதறி, ஒரு நெல்லாவது விழுமா என்று பார்த்தது.

ராஜா உட்கார்ந்தான்.

பொத்! தொப்பை. பொத்! தொடை. பொத்! தாடை. தட்டு தரையில் இடித்தது. நெல்லைக் கொட்டினார்கள், கொட்டினார்கள், கொட்டிக்கொண்டே இருந்தார்கள். ஏழு சாக்கும் நிறைந்து, குப்பாயியின் முந்தானையும் நிறைந்தது. மாயன் வெறுந்தரையில் படுத்துப் பார்த்தான். தூக்கம் வரவில்லை. நாட்டை விட்டே போனான்.

"திருப்தியா?" என்று மூச்சு வாங்கினான் ராஜா.

"நிறைஞ்சுது சாமி. வர்ற வருஷம் என் தங்கச்சி முறை. அவளுக்கு ஒன்பது பிள்ளை. நல்லாச் சாப்பிடுங்க."

ராஜா மந்திரியைப் பார்த்தான். "இலையைப் போடு."

அவ்வளவுதான். அவர்கள் சாப்பிடட்டும், நீங்களும் போய்ச் சாப்பிடுங்கள்.