ராசியில்லாத கார்டு

தூத்துக்குடியில் ஒரு பொருள் இருந்தது. அதற்கு வாய் இல்லை. இருந்திருந்தால் தன் கதையைத் தானே சொல்லியிருக்கும்; இந்தப் புதிரும் பிறந்திருக்காது.

லிங்கதுரை அண்ணாச்சியின் பழைய கம்ப்யூட்டர் சாமான் கடையில், கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் அது கிடந்தது. மூன்று காற்றாடி வைத்த கறுப்பு கிராபிக்ஸ் கார்டு. கம்ப்யூட்டர் விளையாட்டின் படத்தையெல்லாம் திரைக்கு வரைந்து தள்ளுவது அதுதான். புதிதாக வாங்க இசக்கிராஜுக்குக் கை எட்டாது. இங்கேயோ பாதி விலைக்கும் கீழே.

இசக்கிராஜ் துறைமுகத்துக் கன்டெய்னர் யார்டில் வேலை பார்ப்பவன். வெளியூர் கம்ப்யூட்டர் விளையாட்டுக் குழு ஒன்று அவனைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. திணறாமல் ஓடும் கம்ப்யூட்டர் சொந்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. வீடு ஒற்றை அறை. அதே அறையில்தான் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன அவன் அப்பா படுத்திருந்தார். தீ என்று கத்தினாலும் எழுந்து ஓட முடியாதவர்.

"மறைக்க மாட்டேன் தம்பி, இது ராசியில்லாத கார்டு," என்றார் அண்ணாச்சி. "மொதல்ல மட்டக்கடை ஏரியாக்காரர் ஒருத்தர் வாங்குனாரு. கையில இருந்த காசெல்லாம் இதுக்கே சரியாப் போச்சு, மத்ததை எப்படியோ ஒப்பேத்துனாரு. ஒரு மாசத்துல கம்ப்யூட்டர் பத்திக்கிட்டு. அப்புறம் ஒரு காலேஜ் பொண்ணு. அவளும் இதே மாதிரி இழுத்துப் பிடிச்சுதான் வாங்குனா. அங்கயும் தீ. ரெண்டு தடவையும் அடிப்பக்கம் கருகிக் கெடக்கு, நடுவுல இருக்கற இதுக்கு ஒரு கீறல் இல்ல. இன்னொண்ணு கேளு. அந்தப் பொண்ணு வீட்டுல சுத்த சைவம். தீப்பிடிக்கறதுக்கு முன்னால வீடெல்லாம் மீன் வாடை அடிச்சுதாம்."

சொல்லிவிட்டுக் கார்டை இரண்டு கையாலும் எடுத்து வைத்தார். அவரும் நம்பித்தான் சொன்னார்.

கூட வந்திருந்த ஜெபசிங் சிரித்துவிட்டான். அவனும் யார்டில் வேலை செய்பவன். "கார்டு என்ன ஜாதகம் பாத்தா பொறந்துச்சு? ராசியாவது மண்ணாவது. வாங்குல."

இசக்கிராஜ் தன் தங்கை பொன்செல்வியிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டான். "வேண்டாம்ணே. ரெண்டு வீட்டைச் சுட்டது மூணாவது வீட்டுல வந்து கும்புட்டுட்டு ஒக்காந்திருக்குமா?"

இசக்கிராஜ் வாங்கினான். மிச்சக் காசு கொஞ்சம். மற்ற சாமான்களையும் எடுத்தபின் கடைசியில் பவர் சப்ளைப் பெட்டி ஒன்று பாக்கி. சுவர்க் கரண்டை வாங்கி உள்ளே எல்லாவற்றுக்கும் பங்கு வைப்பது அதுதான். அண்ணாச்சி இரண்டை எடுத்து வைத்தார். எத்தனை வாட் தாங்கும் என்று இரண்டிலும் ஒரே எண்தான் அச்சடித்திருந்தது. ஒன்று செங்கல் கனம். மற்றது காலி டிபன் டப்பா மாதிரி இருந்தது. இசக்கிராஜ் இரண்டையும் கையில் ஏந்திப் பார்த்தான். பையில் மிச்சமிருந்த காசை எண்ணினான். பிறகு விலை குறைந்த லேசானதைக் காட்டி, "இது போதும் அண்ணாச்சி," என்றான்.

வீட்டில் ஜெபசிங்தான் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தான். பொன்செல்வி கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் எலுமிச்சம்பழம் ஒன்றை வைத்தாள். பிறகு அப்பாவின் கட்டிலைத் தரையில் கிறீச்சிட இழுத்துக்கொண்டுபோய் வாசலோரம் போட்டாள்.

"என்னட்டி, வெளிய கொண்டு வச்சாச்சா? அதுக்குள்ளயா?" என்றார் அப்பா, பாதி வாயால்.

"சும்மா இருங்கப்பா," என்றாள். ஆண்கள் மூவரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

விளையாட்டு வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு ஓடியது. இசக்கிராஜுக்குக் கண்ணில் நீர் முட்டியது. குழுவில் அவன் இடம் இனி உறுதி. திரையில் குண்டு வெடிக்கும்போதெல்லாம் மூன்று காற்றாடிகளும் சேர்ந்து இரைந்தன. கம்ப்யூட்டர் பெட்டியின் அடியிலிருந்து மட்டும் யாரோ பல்லிடுக்கில் மூச்சு விடுவதுபோல மெல்லிய சத்தம். கார்டைத் தொட்டுப் பார்த்தான்; பயப்படும்படி சூடு இல்லை. அடியில் தொட்டுப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

"யாரு மீன் வாங்குனது?" என்று கேட்டார் அப்பா.

"யாரும் வாங்கலயே," என்றாள் பொன்செல்வி. அவள் முகம் வெளுத்தது.

"தூத்துக்குடியில மீன் வாடை அடிக்காம மல்லியப்பூவா மணக்கும்?" என்றான் ஜெபசிங். இசக்கிராஜ் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினான்.

கதையை இங்கே நிறுத்துகிறேன். புகை இன்னும் கிளம்பவில்லை. ராசி கெட்டது என்று சொல்லியே விற்றார் அண்ணாச்சி. ராசியே கிடையாது என்று வாங்க வைத்தான் ஜெபசிங். ராசிக்குப் பயந்து கட்டிலை இழுத்தாள் பொன்செல்வி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: பொன்செல்வி செய்ததே சரி, அவள் நினைத்த காரணம் தப்பென்றாலும். கார்டுக்கு ராசி கிடையாது, பசிதான் உண்டு. மலிவாய்க் கிடைத்ததே என்று பெரிய கார்டை வாங்கியவர்கள், அடியில் இருந்து அதற்குச் சோறு போடும் பவர் சப்ளைப் பெட்டியில் மிச்சம் பிடித்தார்கள். வெளியே அச்சடித்த எண் ஒன்றுதான்; லேசான பெட்டிக்குள் சரக்குதான் இல்லை. கார்டு கேட்டதைக் கொடுக்க மாட்டாமல் பெட்டி வெந்தது. வேகும் பிளாஸ்டிக் சில நேரம் மீன் வாடைதான் அடிக்கும். அண்ணாச்சி தீயை ஒளிக்கவில்லை. ஆனால் ராசி என்று பேர் வைத்தாயிற்று, பிறகு ஏன் எரிந்தது என்று எதற்குத் தேட வேண்டும்? ஜெபசிங் பேயை விரட்டுகிற வேகத்தில், நிஜமாகவே எரிந்த இரண்டு தீயையும் சேர்த்து விரட்டிவிட்டான். இரண்டு வீடு எரிந்தது உண்மை என்று நடந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். அன்று தீப்பிடித்தபோது வாசலோரம் இருந்ததால்தான் அப்பாவை வெளியே இழுக்க முடிந்தது. கார்டுக்கு இந்த முறையும் கீறல் இல்லை. இசக்கிராஜ் அதை வேறொருவனுக்கு விற்றுவிட்டான், இன்னும் குறைந்த விலைக்கு. ராசியில்லாதது என்று அவனும் மறைக்காமல் சொன்னான். பவர் சப்ளைப் பெட்டியின் கனத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.