கால் தெரியாத காளை

நெட்டூரணியில் காளை ஓட்டப் பந்தயம் முடிந்தால், எந்தக் காளை முந்தியது என்ற வழக்கில் சில மண்டைகள் உடைவது வழக்கம். உடைந்தவர்கள் எல்லோரும் கண்ணால் கண்டதைச் சொன்னவர்கள். ஆகவே கலகத்துக்கெல்லாம் காரணம் கண்தான் என்று விழாக் கமிட்டி கண்டுபிடித்தது. ஒரு டிஜிட்டல் கேமராவை வாங்கியது. "இனிமேல் படத்தில் இருப்பதே நடந்தது. படத்தில் இல்லாதது நடக்கவில்லை" என்று தீர்மானமும் போட்டது. அக்கம்பக்கத்து ஊர்களில் இந்தக் கதையைச் சொல்லும்போது, கேமராவுக்குப் புல் போட்டார்கள் என்றுகூடச் சேர்த்துக்கொள்வதுண்டு. அது மிகை. நெட்டூரணிக்காரர்கள் சொல்லும் பாடத்திலோ கேமராதான் முட்டாள். இரண்டுக்கும் நடுவில் நடந்தது இதுதான்.

சிவப்பு நிறச் செவலைக் காளைக்குச் சொந்தக்காரர் சாத்தப்பன். பந்தயத்தில் முந்திய காளையின் சொந்தக்காரர் தலையில் அய்யனார் கோயில் பரிவட்டத்தைக் கட்டிய பிறகே அவ்வூரில் பூசை தொடங்கும். சாத்தப்பன் தலைக்கு அந்தப் பட்டுத் துணி இதுவரை எட்டியதில்லை. இம்முறை எட்டினால் வழுக்கிவிடக் கூடாதே என்று பல நாளாக அவர் எண்ணெய் தேய்க்கவில்லை.

"மாடுதான ஓடப்போவுது? ஒங்க தலைக்கு என்ன பத்தியம்?" என்று மனைவி சிகப்பி கேட்டாள். சாத்தப்பன் மறுப்பாகத் தலையைக்கூட அசைக்கவில்லை. அசைத்தால் முடி கலைந்துவிடும்.

கேமராவைக் கையாளும் பொறுப்பு சவரியிடம் வந்தது. அவர் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர். அங்கே மாப்பிள்ளைகள் ஓடுவது அபூர்வம் என்பதால், ஓடுவதை எடுத்துப் பழக்கமில்லை. காலையில் ஒத்திகை பார்த்தபோது காளை வெறும் தீற்றலாக விழுந்தது.

"இது மாடாய்யா? செவுத்துல சாணி தட்டுன மாதிரி இருக்கு" என்றார் கமிட்டித் தலைவர் மாசிலாமணி அம்பலம்.

டவுனில் கேமரா பழுது பார்க்கும் மெக்கானிக்குக்குப் போன் போட்டார்கள். "ஓடுறதை எடுக்கணும்னா ஷட்டர் வேகத்தைக் கூட்டணும்" என்றார் அவர். சவரி கையோடு அதைக் கடைசி வரை கூட்டிவிட்டார்.

பந்தயம் நடந்தது. செவலை ஒரு உடம்பு நீளம் முந்திக்கொண்டு எல்லைக்கொடியைத் தாண்டியது. உடையப்பனின் மயிலைக் காளை, சாம்பல் பூசினாற்போன்ற உடம்பும் காலுமாக, பின்னால் வந்தது. ஊரே பார்த்தது. ஆனால் தீர்மானப்படி ஊர் பார்த்தது செல்லாது. படத்தைப் பார்த்தார்கள். செவலையின் கொம்பு, திமில், வாயோரத்து நுரை எல்லாம் பளிச்சென்று இருந்தன. வயிற்றுக்குக் கீழே கன்னங்கரேல் என்று இருட்டு.

"காலைக் காணோமே" என்றார் அம்பலம்.

"இருந்துச்சுங்க. நான்தான லாடம் அடிக்கக் கூட்டிட்டுப் போனேன்" என்றார் சாத்தப்பன்.

"லாடம் அடிச்சப்ப இருந்திருக்கும். கொடியைத் தாண்டுறப்ப இருந்துச்சாங்கிறதுதான் கேள்வி."

"காலில்லாம எப்படிங்க தாண்டும்?"

"அதைத்தான் மாப்ளே நாங்களும் கேக்குறோம்" என்றார் உடையப்பன்.

சாத்தப்பனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நைசாக நழுவிப்போய்ச் செவலையின் கால்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எல்லாம் இருந்தன. இருந்து என்ன செய்வது, படத்தில் இல்லையே.

மறுபடியும் போன். மெக்கானிக் பொறுமையாக விளக்கினார். "ஷட்டர்ங்கிறது திரை மாதிரிங்க. ரொம்ப வேகத்துல அது முழுசா விலகாம மறைக்குது போல. அசையாத பொருள் ஒண்ணை வச்சு, கம்மி வேகத்துலேருந்து வரிசையா எடுத்துப் பாருங்க. எதுல கறுப்பு விழுதுன்னு தெரிஞ்சிரும்."

அசையாத பொருள் எது என்று கமிட்டி கூடிப் பேசியது. கோயில் என்றால், மேலே கொடி ஆடுகிறது. பாறை என்றால், போன மழையில் உருண்டிருக்கிறது. கடைசியில், எத்தனை புகார் வந்தபோதும் நாற்காலியை விட்டு அசையாத அம்பலத்தையே தேர்ந்தெடுத்தார்கள். குறைந்த வேகத்திலெல்லாம் அவர் முழுதாக விழுந்தார். கடைசி வேகத்தில் இடுப்புக்குக் கீழே இருட்டு.

எழுந்திருக்கப் போன அம்பலம் படத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். "தீர்மானம் போட்டவனே மீறக் கூடாது. தூக்குங்கப்பா." அதுமுதல் அவரை நாற்காலியோடு சுமந்து திரிந்தார்கள்.

"அந்தக் கடைசி வேகத்தை விட்டுட்டு, அதுக்கு முந்துனதுல எடுங்க" என்றார் மெக்கானிக்.

"மாடு கடைசி வேகத்துலதான ஓடுச்சு? வேற வேகத்துல எடுத்தா அது வேற ஓட்டமில்ல?" என்று கேட்டார் அம்பலம்.

மெக்கானிக் வேறு வழி சொன்னார். "அப்ப கேமராவைத் தலைகீழாப் பிடிச்சு ஒண்ணு எடுங்க. கறுப்பு மேல்பக்கம் வந்தா, கோளாறு கேமராவுலதான், மாட்டுல இல்ல. எடுத்துட்டு எங்கிட்ட கொண்டாந்துருங்க."

சாத்தப்பனுக்கு உயிர் வந்தது. "கறுப்பு மேல போனா காலு வந்துருமே. இன்னொரு தடவை ஓடுவோம்ங்க. எம் மாட்டுக்கு மேல்பாதி ஏற்கெனவே ஜெயிச்சாச்சு. காலு மட்டும் ஜெயிச்சாப் போதும்."

கோயிலில் அய்யனார் குதிரைமேல் காத்திருந்தார். அவருக்குக் கால் தெரிந்தது, ஆகவே அவசரமில்லை.

ஆனால் இதற்குள் சிகப்பி, காளை ஜெயித்த பூரிப்பில், தொட்டி நிறையப் பருத்திக்கொட்டை வைத்திருந்தாள். இரண்டாம் ஓட்டத்தில் செவலை ஏப்பம் விட்டுக்கொண்டு, மாமியார் வீட்டு விருந்தாளிபோல நடந்து வந்தது. மயிலை முந்திவிட்டது.

படம் கேமராவுக்குள் தலைகீழாக நின்றது. கமிட்டியார் வேட்டியை இறுக்கிக்கொண்டு ஊருணிச் சுவரோரம் தலைகீழாக நின்று பார்த்தார்கள். அம்பலத்தை நாற்காலியோடு கவிழ்த்துப் பிடித்தார்கள். கேமராவைத் திருப்பினால் என்ன என்று சவரிக்கு ஒரு கணம் தோன்றியது. ஒரே நாளில் இரண்டு முறை திருப்பினால் திருகு கழன்றுவிடும் என்று அஞ்சி விட்டுவிட்டார்.

மேலே இருட்டு. கீழே, கொடியைத் தாண்டும் கால்கள், துல்லியமாக.

"மொதப் படத்துல தலை செவப்பு. ரெண்டாவதுல காலு சாம்பல்" என்றார் கவிழ்ந்திருந்த அம்பலம். "சாத்தப்பா, ஒம் மாட்டுக் காலு என்ன நெறம்?"

"செவப்புங்க."

"உடையப்பா, ஒம் மாட்டுத் தலை?"

"சாம்பலுங்க."

"அப்ப ரெண்டு பேரும் தோத்தீக. ஜெயிச்சது வேற மாடு. பரிவட்டத்தை அதுக்குச் சொந்தக்காரனுக்குத்தான் கட்டணும். போய்த் தேடிக் கூட்டியாங்க, பூசை நிக்கிது."

சாத்தப்பனும் உடையப்பனும் பட்டுத் துணியை மடித்து எடுத்துக்கொண்டு மாட்டுச் சந்தைக்குப் புறப்பட்டார்கள்.

"எவனோ வெளியூர்க்காரன், நம்ம கண்ணுல படாமயே ஓட்டிட்டுப் போயிருக்கான் மச்சான்" என்றார் சாத்தப்பன். தம்மை ஒரு உள்ளூர்க்காரன் தோற்கடிக்கவில்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. "மாடு கெடச்சா ரெண்டு பேரும் கூட்டா வாங்கிப்புடுவோம். அடுத்த வருசம் பரிவட்டம் நமக்குத்தான்."

"நல்ல ரோசனை மாப்ளே. தலைப்பக்கம் ஒனக்கு, கால்பக்கம் எனக்கு."

சாத்தப்பன் சம்மதித்துக் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு நின்றார்.

"அதெப்படி மச்சான்? தீனியெல்லாம் எம் பக்கம் திங்கும், ஓடுறது மட்டும் ஒங்க பக்கமா?"