கண்ணாடி பிடித்தவள்

"என் பலகையை எப்ப டீச்சர் மாட்டலாம்?"

அமலோற்பவம் இதைக் கேட்டபோது காலை ஒன்பது மணி. சந்தைக்கு இன்னும் ஆள் வரவில்லை.

ஷமீமா மேசை விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தாள்.

கேட்டவளுக்கு வயது ஐம்பத்துநாலு. டீச்சருக்கு இருபத்தொன்பது. மகள் வயசுப் பெண்ணை டீச்சர் என்று கூப்பிடுவதில் அமலோற்பவத்துக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. களிமண்ணைச் சலித்துப் பிசைந்து, உருட்டி, நிழலில் காயவைத்து, உமிக்குள் புதைத்துச் சுட்டு, நிறம் தீட்டி, அதை ஒரு கம்மலாக்குவது எப்படி என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது இந்தப் பெண்தான்.

பாளையங்கோட்டையில் மாதத்தின் முதல் ஞாயிறு கூடும் கைவினைச் சந்தை அது. ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் கல் பாவிய முற்றத்தில், வேப்பமரங்களுக்குக் கீழே நாற்பது மேசை போடுவார்கள். ஷமீமாவின் மேசை மூன்றாவது மரத்தடியில். மேசைக்குப் பின்னால் ஒரு கம்பு. கம்பில் இரண்டு ஆணி. பெரிய ஆணியில் அவளுடைய கம்மல் பலகை தொங்கும். சின்ன ஆணியில் கண்ணாடி தொங்கும்.

அமலோற்பவத்தின் பலகை மேசைக்கு அடியில், துண்டில் சுற்றிக் கிடந்தது.

"நாலு சந்தை ஆச்சு டீச்சர். பக்கத்துலயே மாட்டிப் பாத்தாச்சு. எல்லாரும் எடுக்காவ, பாக்காவ, வச்சிட்டு உங்க பக்கம் போயிருதாவ. ஒரு ஜோடி போகலை. என் வேலையில என்ன குறை?"

"குறையே இல்லயே யக்கா. கைச்சுத்தம் என்னை விட உங்களுக்குத்தான் ஜாஸ்தி."

இது முகத்துக்காகச் சொன்னதில்லை. உண்மை அதுதான். முப்பது வருஷம் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுத்த கை அமலோற்பவத்துடையது. ஜோடியில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்காது. ஷமீமாவின் கம்மல்களை உற்றுப் பார்த்தால் அங்கங்கே அவள் விரல்ரேகை தெரியும்.

அமலோற்பவத்தின் பலகை நடுவில் ஒரு காந்தள் பூ ஜோடி இருந்தது. பூவுக்கு ஆறு இதழ். ஒவ்வொரு இதழையும் ஊசிமுனையால் நெளித்து, தீயின் நாக்கு மாதிரி மேலே வளைத்திருந்தாள். ஒன்பது நாள் வேலை. அதற்குக் கீழே தன் அழகான கையெழுத்தில் ஒரு சீட்டு எழுதிக் குத்தியிருந்தாள்: 'தயவுசெய்து தொட வேண்டாம்.'

விற்க வைத்த இடத்தில் தொடாதே என்று எழுதி வைத்தவள் அநேகமாக அந்தச் சந்தையில் இவள் ஒருத்திதான்.

"இன்னைக்கும் இது துண்டோட வீட்டுக்குத் திரும்புச்சுன்னா, இனி நான் மண்ணைத் தொட மாட்டேன். விளையாட்டுக்குச் சொல்லலை டீச்சர்."

அது விளையாட்டில்லைதான். படிப்பை அப்பா சொன்னார், படித்தாள். வேலையை மாமா சொன்னார், போனாள். யாரும் சொல்லாமல் தானாக அவள் கைவைத்த ஒரே காரியம் இந்த மண்தான். இதுவும் போய்விட்டால், தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒன்றுமில்லை.

ஷமீமா பையிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். மரச்சட்டம் போட்டது. ஒரு மூலையில் ரசம் போயிருந்தது.

"இதப் பிடிங்க யக்கா."

"எதுக்கு?"

"வாரவங்க முகம் பாக்கதுக்கு."

"ஆணியில மாட்டினா அது பாட்டுக்குத் தொங்கும்லா?"

"ஆணி கழண்டு போச்சு."

ஆணி கம்பில் நன்றாகத்தான் இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"சாயங்காலம் வரைக்கும் பிடிங்க. ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றாள் ஷமீமா.



முதலில் வந்தது ஒரு கல்லூரிப் பெண். சிவப்பு ஜிமிக்கி ஒன்றை எடுத்துக் காதில் போட்டாள்.

அமலோற்பவம் கண்ணாடியை ஜிமிக்கி நன்றாகத் தெரியும்படி காதோரமாகச் சரித்துப் பிடித்தாள். அந்தப் பெண் கழுத்தைக் கோழி மாதிரி இப்படியும் அப்படியும் ஒடித்துப் பார்த்தாள். பிறகு கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"காதுக்குப் பிடிக்காதீங்க" என்றாள் ஷமீமா.

"கம்மல் காதுலதான டீச்சர் கெடக்கு?"

"பேசக் கூடாதுன்னேன்."

அடுத்து ஒரு குட்டையான பெண்மணி. கண்ணாடியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்ததில் வெயில் பட்டுத் தெறித்து அவள் கண் கூசியது. திடுக்கிட்டு விலகியவளின் கை தட்டி, பச்சைக் கம்மல் ஒன்று கல் தரையில் விழுந்து இரண்டாகப் போனது.

"ஐயோ!" என்று அலறிவிட்டாள் அமலோற்பவம். கண்ணாடி அவள் கையில் ஆடியது. அந்தப் பெண்மணி விறைத்துப்போய் நின்றாள்.

ஷமீமா தரையைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பச்சை உங்களுக்கு எடுப்பா இருக்கும்னு தோணுது. இந்தா, இந்த ஜோடியப் போட்டுப் பாருங்க."

அவள் போட்டுப் பார்த்தாள். வாங்கிக்கொண்டு சிரித்தபடி போனாள்.

"உடைஞ்சதுக்கு ஒரு வருத்தம்கூட இல்லையா டீச்சர்?" கட்டளையை மீறிக் கேட்டுவிட்டாள் அமலோற்பவம்.

"எது?" என்றாள் ஷமீமா.

அமலோற்பவம் தரையைக் காட்டினாள். ஷமீமா குனிந்து பார்த்து, "அடடே" என்று இரண்டு துண்டுகளையும் பொறுக்கினாள்.

என்ன நடிப்பு என்று நினைத்துக்கொண்டாள் அமலோற்பவம். கூடவே கொஞ்சம் கோபமும் வந்தது. பெற்ற பிள்ளை விழுந்தால் இப்படியா கேட்பார்கள்?



பதினோரு மணிக்கெல்லாம் கூட்டம் சேர்ந்துவிட்டது. அமலோற்பவத்துக்குத் தோள் கடுத்தது.

கண்ணாடி பிடிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. பிடிக்கிறவளுக்குக் கண்ணாடியில் தெரிவது எதுவும் தெரியாது. கண்ணாடியின் முதுகுதான் தெரியும். அதில் ஒரு தக்கைப் பலகையும் நாலு துருப்பிடித்த ஆணியும் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. அதற்கு மேலே பார்த்தால் எதிரே நிற்கிறவள் முகம். வேறு எங்கேயாவது பார்த்தால் கண்ணாடி சரிந்துவிடும்.

ஆகவே அமலோற்பவம் முகத்தைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல்தான் பார்த்தாள்.

பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. யாரும் முதலில் கம்மலைப் பார்ப்பதில்லை.

கண்ணாடி எதிரே வந்ததும் உதட்டை இறுக்கிக்கொள்கிறார்கள். கண் நேராகத் தன் நரைக்குப் போகிறது, கண்ணுக்குக் கீழே கறுத்த இடத்துக்குப் போகிறது, பல்லுக்குப் போகிறது. தனக்குப் பிடிக்காத இடத்தையெல்லாம் சுற்றிவிட்டு, கடைசியாகத் தயங்கித் தயங்கிக் காதுக்கு வருகிறது.

அப்புறம் அது வரும்.

ஒரே ஒரு நொடி. இறுக்கின உதடு தானாக அவிழும். நெற்றி தளரும். அந்த முகத்துக்குள் இத்தனை நேரம் யாரோ உட்கார்ந்திருந்து, இப்போதுதான் வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

முறைத்துக்கொண்டே வந்த ஒரு தலைமையாசிரியைக்கு அது வந்தது. எட்டு வயதுப் பெண்ணாகி நின்றாள் அவள். அடுத்த மாதம் கல்யாணம் என்று சொன்ன பெண்ணுக்கு வந்தது. அவளைத் திட்டிக்கொண்டே நின்ற அம்மாவுக்கும், சும்மா ஒன்றை வைத்துப் பார்த்தபோது, வந்தது.

அமலோற்பவத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. பூசையில் மணியடிக்கும்போது தலை குனிவாளே, அப்படிக் குனியத் தோன்றியது. குனிந்தால் கண்ணாடி சரியும் என்று அசையாமல் நின்றாள்.

இது ஒவ்வொரு சந்தையிலும் நடந்திருக்கிறது. தன் முழங்கை தூரத்தில் நடந்திருக்கிறது. அந்த நாலு சந்தையிலும் தன் கண் எங்கே இருந்தது? எடுக்கிறவர்கள் விரலில் இருந்தது. மெல்ல எடுங்க, மெல்ல வைங்க, வர்ணம் போயிரும் என்று சொல்லிக்கொண்டிருந்தது வாய்.

தோள் வலி எப்போது போனதென்று அவளுக்குத் தெரியாது.



மூன்று மணிக்கு முத்துப்பேச்சி வந்தாள்.

அவள் சந்தைக்கு அவித்த கடலை விற்க வருகிறவள். இடுப்பில் கூடை, நாற்பது மேசையையும் நாலு தடவை சுற்றிவிடுவாள். காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க இரண்டு காதிலும் ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகியிருந்தாள். கம்மல் மூத்த மகள் கல்யாணத்தோடு போனது. பதினோரு வருஷமாகக் குச்சிதான்.

"டீச்சரம்மா, கடலை சூடா இருக்கு. ஒரு பொட்டலம் கட்டட்டா?"

குரல் கேட்டு அமலோற்பவம் திரும்பினாள். கையிலிருந்த கண்ணாடியும் திரும்பியது. அதில் முத்துப்பேச்சியின் முகம் விழுந்துவிட்டது.

முத்துப்பேச்சி வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு எதுக்கு தாயி அது? நான் விக்க வந்தவ. வாங்க வந்தவளா?" என்று சிரித்தாள்.

சிரிப்பு வாயோடு நின்றது. காலையிலிருந்து எத்தனையோ முகங்களைப் பார்த்த அமலோற்பவத்துக்கு அது தெளிவாகத் தெரிந்தது. அந்த நொடி வருவதற்கு முன்னாலேயே இந்த முகம் கதவைச் சாத்திக்கொண்டது.

அவளால் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு முதல்முறையாகக் கண்ணாடியை மேசைமேல் வைத்தாள். குனிந்து துண்டைப் பிரித்தாள். அவள் கை நேராக நடுவுக்குப் போனது. காந்தள் பூவை எடுத்தபோது சீட்டு கழன்று விழுந்தது.

ஷமீமா பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேசக் கூடாதல்லவா? அமலோற்பவம் ஜோடியை நீட்டி, தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

முத்துப்பேச்சி ஓரடி பின்னால் போனாள்.

"இது தொடக் கூடாதுல்லா? எழுதிப் போட்டிருந்தியளே. போன மாசம் ஒரு பிள்ளை வாசிச்சுச் சொல்லிச்சு. நான் எட்டி நின்னுதான் பாத்தேன்."

அமலோற்பவத்துக்குக் கண் கலங்கிவிட்டது. முத்துப்பேச்சியின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் இரண்டையும் வைத்து, விரல்களை மூடினாள்.

முத்துப்பேச்சி கூடையை இறக்கி வைத்தாள். ஷமீமாவைப் பார்த்தாள். கையை முந்தானையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டாள். வலது காதிலிருந்து ஈர்க்குச்சியை உருவிவிட்டு, ஒரு காந்தளை மாட்டினாள். இன்னொன்று கையிலேயே இருந்தது.

அமலோற்பவம் கண்ணாடியை எடுத்துப் பிடித்தாள். காதுக்குப் பிடிக்கவில்லை, முகத்துக்குப் பிடித்தாள்.

முத்துப்பேச்சியின் கண் முதலில் வெயிலில் வெந்த கன்னத்துக்குப் போனது. விழுந்துபோன பல்லின் இடத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. திரும்பிப் போய்விடுமோ என்று அமலோற்பவம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியை ஒரு விரற்கடை தாழ்த்தினாள்.

கண் மெல்ல நகர்ந்து காதுக்கு வந்தது.

இதற்குப் பிறகு நடந்ததை அமலோற்பவத்திடம் கேட்டுப் பயனில்லை. பக்கத்து மேசையில் பனையோலைப் பெட்டி விற்கிறவரைத்தான் கேட்க வேண்டும்.

முத்துப்பேச்சியின் உதடு அவிழ்ந்தது என்றார் அவர். அவ்வளவு பெரிய சந்தை, அத்தனை சத்தம், அந்தக் கடலைக்கார அம்மா எதுவும் கேட்காத மாதிரி நின்றார்களாம். இடது கை தானாகத் தளர்ந்து விரிந்ததாம். அதிலிருந்த இன்னொரு காந்தள் நழுவி, கல் தரையில் விழுந்து, ஆறு இதழும் ஆறு பக்கம் போனதாம்.

பெட்டிக்காரர் "ச்சோ!" என்று எழுந்தேவிட்டார். கம்மல் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒன்பது நாள் வேலை என்பது அந்த வரிசையில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அமலோற்பவத்தைப் பார்த்தார்கள்.

கண்ணாடி ஆடவில்லை.

அவள் முத்துப்பேச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் நிறைந்து கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட ஒரு கையை எடுக்கவில்லை.

ஷமீமா தரையில் மண்டியிட்டாள். இதழ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துப்பட்டாவில் போட்டுக்கொண்டாள். ஆறையும் பொறுக்கி முடிக்கிற வரைக்கும் கண்ணாடி அப்படியே நின்றது.

எழுந்து பக்கத்தில் வந்து மெதுவாகக் கூப்பிட்டாள்.

"யக்கா."

அமலோற்பவம் திரும்பவில்லை.

"யக்கா, உடைஞ்சு போச்சு."

அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அமலோற்பவம் கேட்டாள்: "எது?"

ஷமீமா தன் பலகையைப் பெரிய ஆணியிலிருந்து கழற்றினாள். துண்டுக்குள் கிடந்த அமலோற்பவத்தின் பலகையை எடுத்து அந்த ஆணியில் மாட்டினாள்.