பதினோராம் படுக்கையின் மஞ்சள் அட்டை

ஐந்நூறு பேர் பந்திக்குக் கண்ணளவில் உப்புப் போட்டுப் பழகிய ஆவுடையப்பன், ஐம்பத்திரண்டாவது வயதில் உப்பில்லாமல் சமைக்கக் கற்றுக்கொள்ள வந்தார்.

முப்பது வருஷம் கல்யாண வீட்டுச் சமையல். விறகுப் புகையில் நெஞ்சு கெட்டுப்போய், இனிமேல் கோட்டை அடுப்புப் பக்கம் போகாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். சும்மா இருக்க முடியாத ஆள். ஊரில் இருந்த தர்ம ஆஸ்பத்திரியின் சமையல்கூடத்தில் சேர்ந்துகொண்டார். நோயாளிகளின் உணவுக்கு அங்கே பொறுப்பு எஸ்தரம்மா. இவரை விடப் பதினான்கு வயது சின்னவர். ஆனாலும் ஆவுடையப்பன் அவரைக் குருவென்றே வைத்துக்கொண்டார். தெரியாததைக் கற்றுக்கொடுக்கிறவர் குருதானே, அதில் வயசென்ன?

முதல் நாளே எஸ்தரம்மா சொன்னார்.

"அண்ணாச்சி, இங்க ருசிக்குச் சமைக்க வேண்டாம்."

"பின்ன எதுக்கும்மா சமைக்க?"

"ஆளுக்கு."

ஆவுடையப்பனுக்கு அது புரியவில்லை. புரிந்த மாதிரித் தலையை ஆட்டி வைத்தார்.

ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் ஓர் அட்டை தொங்கும். பச்சை அட்டை சர்க்கரைக்காரர்களுக்கு. மஞ்சள் அட்டை சிறுநீரகம் கெட்டவர்களுக்கு. அவர்களுக்கு உப்பு, தண்ணீர், பழம், பருப்பு எல்லாமே அளவுதான். மேஜை இழுப்பறையில் வெள்ளை அட்டையும் ஒரு கட்டுக் கிடந்தது. வெள்ளை என்றால் விருப்ப உணவு, எதுவும் தடையில்லை என்று எஸ்தரம்மா சொல்லியிருந்தார். எந்தப் படுக்கையிலும் வெள்ளை தொங்கி ஆவுடையப்பன் பார்த்ததில்லை. யாருக்கும் குணமாகவில்லை போலிருக்கிறது என்று தனக்குள் வருத்தப்பட்டுக்கொண்டார்.

பதினோராம் படுக்கையில் சுடலைமுத்து. லாரி ஓட்டியவர், நாற்பத்து நான்கு வயது. இரண்டு சிறுநீரகமும் போய், வாரம் மூன்று தடவை ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு கிடந்தார். ஒன்பது மாதமாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, கடைசி ஐந்து வாரமாக ஆஸ்பத்திரியே வீடாகிவிட்டது. மனைவி பேச்சி கூடவே இருந்தாள். தினமும் மத்தியானம் தட்டு போனதும் சண்டை ஆரம்பித்துவிடும்.

"அண்ணாச்சி, இது சோறா சுண்ணாம்பா?"

"சோறுதான். கண்ண மூடிக்கிட்டு முழுங்குங்க."

"கண்ண மூடுனா நாக்குமா மூடிக்கிடும்? சாளைக் கருவாட்டுக் குழம்பு, ஒரே ஒரு கரண்டி. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்."

"மொதல்ல நல்லாயி வாங்க. சட்டியோட வைக்கேன்."

"நல்லாயி வந்தா ஒங்ககிட்ட ஏன் கேக்கேன்? எம்பொண்டாட்டி வச்சித் தருவா."

வார்டே சிரிக்கும். ஆவுடையப்பனும் சிரித்துக்கொண்டேதான் திரும்புவார். ஆனால் வராந்தா தாண்டியதும் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத கை. இங்கே தினம் நாற்பது பேருக்கு இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு வாரக் கடைசியில் எஸ்தரம்மா ஏதோ பயிற்சிக்கென்று மூன்று நாள் மதுரைக்குப் போனார். அவர் போன மறுநாள் காலையில் வார்டிலிருந்து டாக்டரின் சீட்டு வந்தது. 'படுக்கை 11. இனி விருப்ப உணவு.'

ஆவுடையப்பனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தானே கடைத்தெருவுக்குப் போய்ச் சாளைக் கருவாடு வாங்கி வந்தார். சின்ன உள்ளியும் தேங்காயும் அம்மியில் வைத்து அரைத்து, புளி கரைத்து ஊற்றி, மனசாரக் குழம்பு வைத்தார். இத்தனை வாரம் கட்டிப்போட்டிருந்த கை அன்றைக்குத்தான் அவிழ்ந்தது. இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையையும் எடுத்துக்கொண்டார்.

பதினோராம் படுக்கையின் மஞ்சள் அட்டையைக் கழற்றி வெள்ளையைத் தன் கையாலேயே மாட்டினார்.

வார்டு சத்தமில்லாமல் அடங்கிவிட்டது. பத்தாம் படுக்கைப் பெரியவர் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தார். பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆவுடையப்பன் எதையும் பார்க்கவில்லை. அவருடைய கவனமெல்லாம் கரண்டியில் இருந்தது.

"கேட்டது வந்துட்டு! இனிமே எதக் கேட்டாலும் கொடுக்கலாம்னு டாக்டரே எழுதிட்டாரு."

சுடலைமுத்து அட்டையைப் பார்த்தார். குழம்பைப் பார்த்தார்.

"எதக் கேட்டாலுமா?"

"எதக் கேட்டாலும்."

"சரி அண்ணாச்சி."

ரொம்ப மெதுவாகத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"வாசம் நல்லாருக்கு. மூடி வைங்க."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று வைத்த தண்ணீரைக் கூடத் தொடவில்லை. சண்டையும் போடவில்லை. பேச்சி கெஞ்சினாள், அழுதாள், அதட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

கடைசியில் நர்ஸம்மாதான் ஆவுடையப்பனை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். சுடலைமுத்துவுக்கு ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது. இனிமேல் சுத்தம் பண்ண உடம்பு தாங்காது. மிஞ்சிப் போனால் மூன்று நாளோ நான்கு நாளோ. பேச்சியிடம் டாக்டர் சொல்லிவிட்டார். புருஷனிடம் சொல்ல வேண்டாமென்று அவள் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப அந்த வெள்ளை அட்டை?"

"காப்பாத்த இனி ஒண்ணும் இல்லன்னா எழுதுறது அண்ணாச்சி. ஒம்பது மாசமா வார்டுக்கு வந்து போறவரு, இதுக்கு முன்ன எத்தன கட்டில்ல பாத்திருப்பாரு? அவருக்குத் தெரியாதா?"

ஆவுடையப்பன் சமையல்கூடத்துக்கு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார். எத்தனை ஆயிரம் பேருக்குப் பரிமாறிய கை! அந்தக் கையால் ஒரு மனுஷனுக்கு அவனுடைய சாவைக் கொண்டுபோய்ப் பரிமாறிவிட்டோமே என்று நினைத்தபோது, கையை வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது. அழுகைகூட வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் எஸ்தரம்மா வந்தார். ஆவுடையப்பன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"பசிச்ச ஆளுக்குக் கேட்டதக் கொடுத்தேன். அது எப்படிம்மா விஷமாச்சு?"

எஸ்தரம்மா தோள்பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"நீங்க இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

எஸ்தரம்மா கையைக் கழுவிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தார். சோற்றைக் குழைய வடித்தார். புடலங்காயைப் பொடியாக நறுக்கிக் கூட்டு வைத்தார். இறக்கும் முன்னால் டப்பாவைத் திறந்து உப்பை அள்ளிப் போட்டார். வீட்டில் போடுகிற மாதிரி, முழு உப்பு.

"அம்மா, உப்பு!"

"தெரியும். அந்த மஞ்சள் அட்டைய எடுத்துக்கிட்டு வாங்க."

பதினோராம் படுக்கைக்கு முன்னால் போய் நின்றதும் எஸ்தரம்மாவின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது.

"இந்த வெள்ளை அட்டைய யாரு மாட்டுனது? அண்ணாச்சி, ஒங்களத்தான் கேக்கேன்."

எஸ்தரம்மா செய்ய வந்தது என்னவென்று ஆவுடையப்பனுக்கு அப்போதுதான் பிடிபட்டது.

"நாந்தாம்மா. வேற வார்டுக்கு வந்த சீட்டு. நான் மாத்தி மாட்டிட்டேன்." பிறகு சுடலைமுத்துவைப் பார்த்து, "மன்னிச்சிக்கிடுங்க" என்றார். குரல் உடைந்தது. அதற்கு அவர் நடிக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளையைக் கழற்றிவிட்டு மஞ்சளை மாட்டினார்.

சுடலைமுத்து கண்ணைத் திறந்தார். எஸ்தரம்மாவைப் பார்த்தார். ஆவுடையப்பனைப் பார்த்தார். கால்மாட்டில் நின்ற பேச்சியைப் பார்த்தார். அவள் மூன்று நாளாகத் தலை வாரவில்லை. கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கல்யாண வீட்லயும் இப்படித்தான் எலைய மாத்திப் போடுவீங்களாக்கும்?" என்றார்.

"பேச்சக் கொறைங்க. சாப்பாட்ட முடிங்க. தண்ணி நூறு மில்லிதான். ஒரு சொட்டு கூடக் கெடையாது" என்றார் எஸ்தரம்மா.

பேச்சி உருட்டி ஊட்டினாள். ஒரு வாய் வாங்கியதும் சுடலைமுத்து முகத்தைச் சுளித்தார்.

"மண்ணு! ஏ எஸ்தரம்மா, உப்புன்னு ஒண்ணு ஒலகத்துல இருக்கா இல்லையா?"

பேச்சி பொசுக்கென்று சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணீரும் கொட்டியது.

"பேசாமத் தின்னுங்க. இத்தன திமிரு இருக்கவருக்கு உப்பு வேறயா?"

"ஏட்டி, நீ தின்னு பாரு. தெரியும்."

நான்கு வாய் வாங்கினார். நான்கு வாய்க்கும் திட்டினார். பத்தாம் படுக்கைப் பெரியவர் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்து, "விடாதீங்க, கேளுங்க" என்று தூண்டிவிட்டார். போன சத்தமெல்லாம் வார்டுக்குத் திரும்பி வந்தது. ஆவுடையப்பன் வெள்ளை அட்டையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி முன்னால் நடந்தார். எஸ்தரம்மா தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சுடலைமுத்து இறந்துபோனார்.

ஊருக்குக் கொண்டுபோக வண்டி வந்து நின்ற பிறகு, பேச்சி சமையல்கூடத்து வாசலுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, நேத்து எப்படிச் சண்ட போட்டாரு, பாத்தீங்கள்லா? ஒண்ணுந் தெரியாமத்தான் போனாரு. எனக்கு அது போதும்."

அவ்வளவுதான் சொன்னாள். வண்டிக்காரன் கூப்பிட்டதும் போய்விட்டாள்.

மத்தியானச் சாப்பாடு எல்லா வார்டுக்கும் போய் முடிந்தது. எஸ்தரம்மா சாயந்தரத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் எதிரே வந்து நின்றார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நேத்துச் சட்டியில மிச்சம் இருந்தத வாயில போட்டுப் பாத்தேன். உப்பு சரியாத்தான் இருந்துச்சு. அவரு மண்ணுன்னாரே. நாக்கு செத்துப் போயிருக்கும், என்ன?"

எஸ்தரம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை.

"எப்படியோ. நான் செஞ்ச பாவத்த நீங்க தொடச்சிட்டீங்க. பேச்சியும் அதத்தான் சொல்லிட்டுப் போறா. அட்டை மாறிட்டுன்னு சொன்னத அவரு நம்பிட்டாரு. நம்பிட்டாருல்லாம்மா?"

எஸ்தரம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"நீங்க முன்னால போயிட்டீங்க. நான் தட்ட எடுக்கையில என் கையப் பிடிச்சாரு."

"எதுக்கு?"

"'நான் நம்பிட்டேன்னு பேச்சியும் அண்ணாச்சியும் நெனச்சிட்டாங்களா'ன்னு கேட்டாரு."